ஏழு வயதுக்குள் ஒருமுறை: கெலிஓயாப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

கெலிஓயாவிலும் தவுலகல, வெலம்பொட, வெலிகல்ல பக்கங்களிலும் சின்னப் பிள்ளைகளை வளர்க்கிற உம்மாமாருக்கும் வாப்பாமாருக்கும், அம்மாமாருக்கும் அப்பாமாருக்கும், பேரப்பிள்ளைகளைப் பொறுப்பெடுத்துப் பார்க்கிற மூத்தம்மாமாருக்கும் அம்மாயிமாருக்கும்,

நான் பாடசாலைப் பற்சிகிச்சையாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். உங்களில் சிலர் தரம் இரண்டிலும் மூன்றிலும் படித்த காலத்தில் என் நாற்காலியில் வாயைத் திறந்து உட்கார்ந்திருப்பீர்கள். இன்று உங்கள் கையில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்காக உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இந்தக் கடிதம். பிள்ளைக்கு ஏழு வயது ஆகும்போது, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பல் வரிசையும் தாடையும் எப்படி வளர்கின்றன என்று பார்ப்பதற்காகவே ஒருமுறை பல் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். கம்பி போடச் சொல்லி நான் கேட்கவில்லை. காட்டிவிட்டு வாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நீங்கள் பிள்ளைமேல் அக்கறை இல்லாதவர்கள் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. காய்ச்சல் கூடினால் ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டோ பிடித்துப் பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்கு ஓடுகிறவர்கள் நீங்கள். தடுப்பூசித் திகதியை மிட்வைஃப் மிஸ் ஞாபகப்படுத்த முன்னமே நீங்களே சொல்வீர்கள். பல் விஷயத்தில் மட்டும் "வலிச்சால் பார்ப்போம்" என்று விட்டுவிடுகிறீர்கள். பல் வரிசை கோணுவது வலிக்காது. தாடை ஒரு பக்கம் இழுபட்டு வளர்வது வலிக்காது. முரசுக்குள் இருக்கிற வேட்டைப்பல் பாதை மாறிப் போய்ப் பக்கத்துப் பல்லின் வேரை அரித்தாலும் பெரும்பாலும் வலிக்காது. வலி வரட்டும் என்று காத்திருந்தால், இவற்றில் எதற்கும் நீங்கள் நேரத்தோடு வந்து சேர மாட்டீர்கள்.

எப்போது வருகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பிள்ளைக்குப் பதின்மூன்று, பதினாலு வயதாகி, படம் எடுக்கும்போது வாயைப் பொத்திக்கொள்ளத் தொடங்கிய பிறகு வருகிறீர்கள். வகுப்பில் "பல்லன்" என்று பெயர் வைத்து, அந்தப் பெயரே நிலைத்துப்போன பிறகு வருகிறீர்கள். ஓ.எல். முடியட்டும் என்று அதற்குப் பிறகும் இரண்டு வருடம் தள்ளிப்போடுகிறீர்கள். மகளுக்குக் கலியாணப் பேச்சு வந்த பிறகு பதறிக்கொண்டு வந்து, ஆறு மாதத்தில் முடித்துத் தர ஏலுமா என்று கேட்கிற தாய்மாரும் உண்டு. முழு வரிசைக்கும் கம்பி போட்டால் ஒன்றரை, இரண்டு வருடம் எடுக்கும், சிலருக்கு அதைவிடக் கூடவும் எடுக்கும். ஆண்பிள்ளை என்றால் அதுவும் இல்லை: "ஆம்பிளப் புள்ளைக்கு என்ன அழகு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறீர்கள். கடிக்கவும் மெல்லவும் தெளிவாகப் பேசவும் ஆண்பிள்ளைக்கும் பல் வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற பையன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டில் சொல்லுவதில்லை, அவ்வளவுதான்.

என்னை ஆகவும் வருத்துகிற வார்த்தை ஒன்றிருக்கிறது. "பால் பல்லுதானே மிஸ், விழத்தானே போகுது, கழட்டிருங்க." சூத்தை பிடித்த கடைவாய்ப் பாற்பல்லை அடைத்துக் காப்பாற்றலாம் என்று நான் சொல்லும்போதெல்லாம் உங்களிடமிருந்து வருகிற பதில் இதுதான்.

பாற்பற்கள் மொத்தம் 20. அவை சாப்பிடுவதற்கு மட்டும் வந்தவை என்று நினைக்காதீர்கள். ஒவ்வொன்றும் தனக்குக் கீழே உருவாகிக்கொண்டிருக்கிற நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறது. கண்டியில் கம்பளை பஸ்ஸில் ஏற முன்னம் ஜன்னலால் பையைப் போட்டு சீட் பிடிப்பீர்களே, அந்த வேலைதான். பையை எடுத்துவிட்டால் அந்த சீட்டில் வேறொருவர் உட்கார்ந்துவிடுவார். பின்பக்கத்துப் பாற்பல் இயல்பாக விழுவது பத்து, பதினொரு வயதுக்குப் பிறகு. அதை ஐந்தாறு வயதில் கழற்றினால், அதற்குப் பின்னால் முளைக்கிற பெரிய கடைவாய்ப்பல் மெல்ல முன்னுக்கு நகர்ந்து அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். நகர்வின் பெரும்பகுதி பல் போன முதல் ஆறு மாதத்துக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. பத்து வயதில் முன்கடைவாய்ப்பல் வெளியே வரப் பார்க்கும்போது இடம் இல்லை. அது முரசுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும், அல்லது நாக்குப் பக்கமோ கன்னத்துப் பக்கமோ சரிந்து முளைக்கும். பிறகு "எங்கட குடும்பத்தில யாருக்கும் இப்பிடிப் பல் இல்லையே" என்று நீங்கள் யோசிப்பீர்கள். அந்தக் கோணல் பரம்பரையாக வந்ததல்ல. ஆறு வயதில் கழற்றிய ஒரு பாற்பல்லிலிருந்து வந்தது.

இது எங்கோ ஒரு பிள்ளைக்கு நடக்கிற கதை என்று நினைக்க வேண்டாம். 2015-16இல் நடந்த தேசிய வாய்ச் சுகாதார ஆய்வில், இலங்கையின் ஐந்து வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்டோருக்குச் சூத்தைப் பல் இருந்தது. உங்கள் ஒழுங்கையில் விளையாடுகிற ஐந்து பிள்ளைகளைக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொன்னால் மூன்று பேருக்கு இருக்கும் என்று அர்த்தம். அத்தனை பேரும் பல் சீராக்கல் நிபுணரிடம் போக வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பாற்பற்களை அடைத்துக் காப்பாற்றினால், அவர்களில் பலர் பிற்காலத்தில் நிபுணரைத் தேடவே வேண்டியிருக்காது. பல்லைக் கட்டாயம் கழற்றத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், அந்த இடம் மூடாமல் காக்க ஒரு சின்ன வளையக் கருவி போடலாம். கழற்றிய கையோடு "இடம் காக்க ஏதாவது போட வேண்டுமா டொக்டர்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் வந்து, பின்னால் வருடக்கணக்காகக் கம்பியோடு அலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு பல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆறு வயதில், கடைசிப் பாற்பல்லுக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே ஒரு பெரிய பல் முளைக்கும். மேலே இரண்டு, கீழே இரண்டு. ஒன்றும் விழாததால் இதுவும் பாற்பல்தான் என்று நீங்கள் நினைத்துவிடுகிறீர்கள். அது அறுபது எழுபது வயது வரை இருக்க வேண்டிய நிரந்தரப் பல். மேல் தாடையும் கீழ்த் தாடையும் எப்படிப் பொருந்த வேண்டும் என்பதை இந்த நான்கு பற்களும்தான் பெருமளவு தீர்மானிக்கின்றன. ஏழு வயதில் காட்டுங்கள் என்று நான் சொல்வதற்கு ஒரு காரணம் இதுதான். அந்த வயதில் இந்த நான்கும் வந்திருக்கும், முன்பற்களும் வரத் தொடங்கியிருக்கும், பார்க்கத் தெரிந்தவர் பார்த்தால் வரப்போவது என்ன என்று பெரும்பாலும் சொல்லிவிடுவார். அமெரிக்கப் பல் சீராக்கல் நிபுணர்களின் சங்கமும் முதல் பரிசோதனைக்கு ஏழு வயதைத் தாண்டவிட வேண்டாம் என்றுதான் சொல்கிறது. இந்தப் பற்களின் பள்ளங்களில் சூத்தை பிடிக்காமல் மேற்பூச்சுப் போடுகிற வேலையைப் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்திலேயே செய்கிறார்கள். அதற்குப் பணம் வாங்குவதில்லை.

விரல் சூப்புகிற பிள்ளைகளைப் பற்றி எழுத வேண்டும். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இரண்டு, மூன்று வயதில் விரல் சூப்புவது தவறே இல்லை. நிரந்தர முன்பற்கள் முளைக்கும் முன்னம், அதாவது ஆறு வயதுக்குள், பிள்ளை விட்டுவிட்டால், முன்னுக்குத் தள்ளிய பற்கள் பெரும்பாலும் தானாகவே திரும்பிவிடும். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் மேல் முன்பற்கள் மிதந்து வரும், மேல் வரிசையும் கீழ் வரிசையும் முன்னால் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விழும், மேல் தாடை ஒடுங்கும். மூன்று வயது தாண்டியும் வாயில் சூப்பிப் போத்தலோடு தூங்குகிற பிள்ளைக்குச் சூத்தையும் கூடச் சேர்ந்துவிடும்.

ஆனால் தயவுசெய்து விரலில் மிளகாய் பூசாதீர்கள். வேப்பெண்ணெய் பூசி அடிக்காதீர்கள். எங்கள் ஊரில் எத்தனை வீடுகளில் உம்மாவோ வாப்பாவோ கட்டாரிலும் குவைத்திலும் சவூதியிலும் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ராத்திரியில் உம்மாவைத் தேடுகிற பிள்ளைக்கு அந்த விரல்தான் துணை. அதைப் பிடுங்கினால் வேறு எதையாவது தேடும். மூத்தம்மாமாரே, அம்மாயிமாரே, உங்கள் கைதான் இங்கே பெரிய மருந்து. தூங்கப் போகும்போது பக்கத்தில் இருங்கள், அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கதை சொல்லுங்கள். சூப்பாத நாளுக்கு ஒரு நட்சத்திரம் என்று கலண்டரில் ஒட்டுங்கள். ஐந்தரை, ஆறு வயதாகியும் விடவில்லை என்றால் வெட்கப்படாமல் கூட்டிக்கொண்டு வாருங்கள். வாயை எப்போதும் திறந்தபடி தூங்குகிற, குறட்டை விடுகிற பிள்ளையையும் காட்டுங்கள். சிலருக்கு மூக்கின் பின்பக்கத்துச் சதை வீங்கி மூச்சை அடைத்துக்கொண்டிருக்கும். அதைக் காது மூக்கு தொண்டை வைத்தியர் பார்க்க வேண்டும்.

இனி, கடி மாறி விழுகிற பிள்ளைகள். சாதாரணமாக மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களுக்கு வெளியே நிற்க வேண்டும். சில பிள்ளைகளுக்கு ஒரே ஒரு மேற்பல் உள்ளே முளைத்துக் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். இதை எட்டு, ஒன்பது வயதில் பிடித்தால், கழற்றி மாட்டுகிற ஒரு பிளேட்டில் சின்ன ஸ்பிரிங் வைத்துச் சில மாதங்களில், சிலவேளை சில வாரங்களிலேயே, முன்னுக்குத் தள்ளிவிடலாம். விட்டுவைத்தால் பல் தேயும், கீழ்ப்பல்லின் முரசு இறங்கும், பிள்ளை அந்தத் தடையைத் தவிர்க்கத் தாடையை நகர்த்திக் கடித்துப் பழகும். பின்பற்களில் ஒரு பக்கம் மாறிக் கடித்தாலும் அப்படித்தான், நாடி ஒரு பக்கம் சரிந்து முகம் வளரத் தொடங்கும். மேல் தாடையின் நடுப் பொருத்து வளரிளம் பருவத்தில் இறுகிவிடுவதால், அதை அகலப்படுத்துகிற வேலையைப் பிள்ளைப் பருவத்திலேயே செய்வது லேசு.

கீழ்த் தாடை முழுவதுமே முன்னுக்கு நிற்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். "அவன்ட மாமாவுக்கும் இப்பிடித்தான், எங்கட பரம்பரை" என்று அந்தத் தாய்மார் சிரித்தபடி சொல்வார்கள். பரம்பரை என்பது வராமல் இருக்கக் காரணமாகாது. முந்தி வருவதற்குத்தான் அது காரணம். பிரித்தானியாவில் ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். நெற்றியிலும் நாடியிலும் தாங்கி, மேல் தாடையை ரப்பர் வளையத்தால் முன்னுக்கு இழுக்கிற முகக்கருவியைச் சிலருக்குப் போட்டார்கள், மற்றவர்களுக்குப் போடவில்லை. ஆறு வருடம் கழித்துப் பார்த்து 2016இல் வெளியிட்ட முடிவு இது: கருவி போட்டவர்களில் 36 வீதமானோருக்குப் பின்னால் தாடைச் சத்திரசிகிச்சை தேவைப்படும் என்று நிபுணர்கள் கணித்தார்கள். போடாதவர்களில் அது 66 வீதம். பத்து வயதுக்கு முன் சில மாதங்கள் மாட்டுகிற ஒரு கருவியால், பதினெட்டு வயதில் தாடை எலும்பை வெட்டிப் பொருத்துகிற சத்திரசிகிச்சையிலிருந்து கணிசமான பிள்ளைகள் தப்பலாம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் நீங்கள் கூட்டிக்கொண்டு வரும்போது அந்தக் கருவியால் செய்யக்கூடியது குறைந்துபோயிருக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையானவள் இல்லை. ஏழு வயதில் காட்டுகிற பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றும் செய்யத் தேவையிருக்காது. "இப்போது ஒன்றும் வேண்டாம், இத்தனை மாதம் கழித்து வாருங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள். அதைக் கேட்டு வீணாக வந்தோம் என்று கோபப்படாதீர்கள். ஏழெட்டு வயதில் மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி இருப்பது சாதாரணம். வேட்டைப்பல் இறங்கும்போது பெரும்பாலும் அது தானாக மூடிக்கொள்ளும். மிதந்த முன்பற்களுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சின்ன வயதிலேயே கருவி போட வேண்டும் என்றில்லை. பத்ரி திருவேங்கடாச்சாரியும் மான்செஸ்டர், லிவர்பூல் நிபுணர்களும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட கொக்ரேன் மீளாய்வு அதைத்தான் காட்டியது. சின்ன வயதில் ஒருதரமும் வளரிளம் பருவத்தில் மறுதரமும் என்று இரண்டு கட்டமாகச் செய்தவர்களுக்கும், வளரிளம் பருவத்தில் ஒரே கட்டமாகச் செய்தவர்களுக்கும் கடைசியில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரேயொரு இலாபம், விழுந்து முன்பல் உடைகிற ஆபத்து குறைகிறது. பற்கள் வெகுவாக மிதந்து, உதடு மூடாமல், எந்நேரமும் ஓடிக்கொண்டும் சைக்கிளில் விழுந்துகொண்டும் இருக்கிற பிள்ளைக்கு அந்த இலாபம் பெரிது. அமைதியான பிள்ளைக்குக் காத்திருக்கலாம். அதைத் தீர்மானிக்கத் தெரிந்த ஒருவர் பார்க்க வேண்டும். நான் கேட்பதும் அதற்காகத்தான்.

ஆகவே ஏழு வயதுப் பிள்ளைக்கு "உடனே கம்பி, இன்றே அட்வான்ஸ்" என்று யாராவது அவசரப்படுத்தினால் கொஞ்சம் நில்லுங்கள். ஏன் இப்போதே, காத்திருந்தால் என்ன கெடும் என்று கேளுங்கள். சரியான வைத்தியர் பதில் சொல்வார். பல் வைத்தியர்கள் இலங்கை மருத்துவ சபையில் பதிந்திருக்க வேண்டும். பதிவு இல்லாதவர் வீட்டு முன்னறையில் பல் கட்டுகிறார் என்றால் அவரிடம் பிள்ளையின் வாயைக் கொடுக்காதீர்கள்.

இப்போது உங்களோடு சண்டை பிடிக்கப் போகிறேன். புலமைப்பரிசில் பரீட்சையைப் பற்றி.

ஒன்பது, பத்து வயதில் ஒரு முக்கியமான பரிசோதனை இருக்கிறது. மேல் வேட்டைப்பற்கள் இரண்டும் அந்த வயதில் பாற்பல்லுக்கு மேலே முரசில் மேடாகத் தட்டுப்பட வேண்டும். வைத்தியர் விரல் நுனியால் தடவிப் பார்ப்பார். அரை நிமிட வேலை. பத்து வயதாகியும் தட்டுப்படாவிட்டால் அந்தப் பல் அண்ணத்துப் பக்கம் திரும்பிப் போயிருக்கலாம், எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் கண்டுபிடித்தால் செய்ய வேண்டியது சிலவேளை மிகச் சின்னது: பால் வேட்டைப்பல்லை மட்டும் கழற்றுவது. சுவீடனில் எரிக்சன், குரோல் என்ற இருவர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், பத்து முதல் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு அப்படிச் செய்தபோது, பாதை மாறியிருந்த 46 வேட்டைப்பற்களில் 36 தாமாகவே சரியான பாதைக்குத் திரும்பின. பாற்பல்லைக் கழற்றாதீர்கள் என்று மேலே சொன்னவள் இங்கே கழற்றச் சொல்கிறாளே என்று பார்க்கிறீர்களா? எதைக் காக்க வேண்டும், எதை எப்போது கழற்ற வேண்டும் என்பதைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். பதினைந்து வயதில் கண்டுபிடித்தால் முரசைத் திறந்து, பல்லில் சங்கிலி ஒட்டி, வருடக்கணக்கில் கீழே இழுக்க வேண்டும். அதற்குள் பக்கத்து முன்பல்லின் வேர் அரிபட்டிருந்தால் அந்தப் பல்லையும் இழக்க நேரலாம்.

அதே ஒன்பது, பத்து வயதில் உங்கள் பிள்ளை எங்கே இருக்கிறது? விடியற்காலையில் எழும்பி மொடல் பேப்பர் செய்துகொண்டிருக்கிறது. பாடசாலை விட்டதும் டியூஷன், சனி ஞாயிறு செமினார். "புலமைப்பரிசில் முடியட்டும் மிஸ்" என்று தரம் நான்கிலும் சொல்கிறீர்கள், தரம் ஐந்திலும் சொல்கிறீர்கள். முடிந்த பிறகு பெறுபேறு வரட்டும் என்கிறீர்கள், வந்த பிறகு புதுப் பாடசாலைக்கு அலைகிறீர்கள். பல்லும் தாடையும் அந்தப் பரீட்சைக்காக வளராமல் காத்திருப்பதில்லை. இரண்டு வருடத்தில் ஒரு காலை நேரம் கேட்கிறேன். ஒரு பேப்பர் குறைவாகச் செய்ததால் வெட்டுப்புள்ளி தவறிய பிள்ளையை நான் பார்த்ததில்லை.

தூரம் என்று மட்டும் சொல்லாதீர்கள். நாடு முழுவதிலுமிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிற பேராதனைப் பல் வைத்தியசாலை நமக்குக் கம்பளை - கண்டி பஸ்ஸில் சில கிலோமீட்டர்தான். பல தசாப்தங்களாக இந்த நாட்டுக்கு இருந்த ஒரே பல் மருத்துவ பீடம் அங்கேதான் இருக்கிறது. சிறுவர் பல் மருத்துவப் பிரிவும் பல் சீராக்கல் பிரிவும் அங்கே உண்டு. மன்னாரிலிருந்தும் மொனராகலையிலிருந்தும் வருகிறவர்கள் ராத்திரி பஸ் ஏறி வருகிறார்கள். நாம் பக்கத்திலேயே இருந்துகொண்டு போகாமல் இருக்கிறோம். ஆலோசனைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. வரிசை நீளம், காத்திருக்க வேண்டும், அது உண்மைதான். அந்தக் காத்திருப்பையும் கணக்கில் எடுத்துத்தான் ஏழு வயதில் போகச் சொல்கிறேன். பதினான்கில் பெயர் பதிந்தால் முறை வருவதற்குள் வளர்ச்சி முடிந்துவிடும்.

சிங்களம் தெரியாது, போய் என்ன கதைப்பது என்று தயங்குகிறவர்களும் இருக்கிறீர்கள். அந்தத் தயக்கத்தை நான் லேசாக எடுக்கவில்லை. கவுண்டரில் ஒரு சுடுசொல் கேட்டுத் திரும்பி வந்து பிறகு போகவே போகாத தாய்மாரை எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பீடத்தில் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, அம்பாறை, மலையகம் என்று எல்லா இடத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். "தமிழ் கதைக்கிற டொக்டர் யாராவது இருக்கிறாரா" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. கலஹா பக்கத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் பேரும், அதாவது அன்றைய சம்பளமும், போகும் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் பாடசாலை வழியாக வருகிற வாய்ப்பை விடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அந்த வாய்ப்பு ஏற்கனவே இருக்கிறது. பாடசாலைப் பற்சிகிச்சை என்பது 1921இல் நியூசிலாந்து தொடங்கிய முறை. 1950களில் அவர்களுடைய உதவியோடு மகரகமவில் நம் பெண்களைப் பயிற்றத் தொடங்கினார்கள். மூன்று முதல் பதின்மூன்று வயது வரையான பிள்ளைகளுக்காகவே இந்தச் சேவை இருக்கிறது. அதோடு சுகாதார மருத்துவ அதிகாரியின் குழு தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளைப் பாடசாலைக்கே வந்து பரிசோதிக்கிறது. தரம் ஒன்றென்றால் ஆறு வயது, தரம் நான்கென்றால் ஒன்பது. பல்லுக்குப் பார்க்க வேண்டிய இரண்டு வயதுக்கும் ஏற்றாற்போல் யாரோ வகுத்து வைத்தது போலவே இருக்கிறது. அங்கே பல் வைத்தியரிடம் காட்டச் சொல்லி எழுதித் தருகிற துண்டை என்ன செய்கிறீர்கள்? புத்தகப் பையின் அடியில் கசங்கிக் கிடந்த துண்டுகளை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த பரிசோதனை வருகிறபோது அதே பிள்ளையின் வாயில் அதே பல், மூன்று வருடம் பிந்தி.

அதிபர்மாரிடமும் ஆசிரியர்மாரிடமும் ஒரு வார்த்தை. பற்சிகிச்சை நிலையத்திலிருந்து பிள்ளையைக் கூப்பிட்டால் பாடம் கெடுகிறது என்று மறிக்காதீர்கள். வகுப்பில் ஒரு பிள்ளையின் பல்லைச் சொல்லிப் பட்டப்பெயர் கூப்பிடுவதைக் கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். சிரித்துவிட்டு நகராதீர்கள். தரம் ஒன்று, தரம் நான்கு வகுப்பாசிரியர்கள் துண்டு கொண்டுபோன பிள்ளைகளின் பெயரைக் குறித்து வைத்து, அடுத்த தவணையில் "காட்டினீர்களா?" என்று பெற்றோரிடம் ஒருதரம் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கிறவர்களே, பள்ளிவாசல் நிர்வாகத்திலும் கோயில் பரிபாலன சபையிலும் இருக்கிறவர்களே, கலர் பூசவும் கொட்டகை போடவும் நீங்கள் கூட்டம் போடுகிறீர்கள். அடுத்த கூட்டத்தில் இதையும் எடுங்கள். நமது பாடசாலைகளுக்குப் பற்சிகிச்சையாளர் ஒழுங்காக வருகிறாரா, வராவிட்டால் ஏன் என்று சுகாதார மருத்துவ அதிகாரி அலுவலகத்துக்கு எழுத்தில் கேளுங்கள். பேராதனைக்குப் போக வேண்டிய பிள்ளைகளை ஒரு நாளில் ஒன்றாகச் சேர்த்து ஒரு வேனில் அனுப்புங்கள். தனியாகப் போகப் பயப்படுகிற தாய்மாருக்கு அது பெரிய துணை. சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவர் கூடப் போனால் இன்னும் நல்லது. வெளிநாட்டிலிருந்து பெருநாளுக்கும் தீபாவளிக்கும் பணம் அனுப்புகிற நம் பிள்ளைகளிடம் இதற்கென்று கேட்டால் தராமல் இருக்க மாட்டார்கள்.

பெற்றோரே, உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். இன்று ராத்திரி பிள்ளை பல் விளக்கும்போது வெளிச்சத்தில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லுங்கள். பல்லைக் கடிக்கச் சொல்லி மேல் வரிசை கீழ் வரிசைக்கு வெளியே நிற்கிறதா என்று பாருங்கள். கடைசியில் புதிதாக ஒரு பெரிய பல் முளைத்திருக்கிறதா, அதில் கறுப்பு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். தரம் ஒன்றிலோ இரண்டிலோ படிக்கிற பிள்ளை என்றால், என்ன கண்டாலும் காணாவிட்டாலும், அடுத்த தவணை விடுமுறைக்குள் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்திலோ பேராதனையிலோ ஒருமுறை காட்டிவிடுங்கள். தரம் நான்கிலோ ஐந்திலோ என்றால், "வேட்டைப்பல் தட்டுப்படுதா டொக்டர்?" என்று கேட்டுவிட்டு வாருங்கள். இதை வாசித்துக் காட்ட வேண்டிய பக்கத்து வீட்டுத் தாய் யாராவது இருந்தால் அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற பாடசாலைப் பற்சிகிச்சையாளர் ஒருவர்,
கெலிஓயா